பாக்கிக் கணக்கு

எங்கள் வீட்டில் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி முடிந்ததே இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற அன்றைக்குத்தான் முடியும்.

மார்கழிக் கடைசியில் கோவில்பட்டியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வீட்டுச் சாமான் முழுக்க வாசலில் கிடக்கும். அண்டா, தகரப்பெட்டி, கால் ஆடுகிற முக்காலி, வருஷம் பூராவும் தேடிக் கிடைக்காத சீப்பு. சுண்ணாம்புக் கல் பானைக்குள் கொதித்து அடங்கும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். அடங்கியதும் கொஞ்சம் நீலத்தைக் கரைத்துவிட்டு, சித்தப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மட்டையை எடுப்பார். எங்கள் வீட்டிலிருந்து வெளியே வருகிற சாமானில் பாதி புத்தகம். அதில் எங்களுக்குச் சொந்தமானது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஊரார் புத்தகம். அவற்றை வேப்பமரத்தடியில் நார்க்கட்டிலில் பரப்பிவிட்டு அத்தை தன் டைரியோடு உட்காருவாள். சுவர் காய்ந்து சாமான் உள்ளே போவதற்குள் கணக்கு முடிந்தாக வேண்டும். எது உள்ளே போகும், எது சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் என்பது அந்தக் கணக்கில்தான் முடிவாகும்.

ஊரார் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் பசை.

அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ வாய்க்கவில்லை. திரும்பி வந்ததிலிருந்து தீப்பெட்டிதான். எங்கள் ஊரில் ஆபீஸ் என்றாலே தீப்பெட்டி ஆபீஸ். கலெக்டர் ஆபீஸெல்லாம் அப்போது திருநெல்வேலியில் இருந்தது. மழை பொய்க்கிற கரிசல் பூமி. அந்த வறண்ட காற்று தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் தோதுப்பட்டதால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்க இந்தத் தொழில் வேர்பிடித்துவிட்டது. குச்சி அடுக்குவதும் மருந்து முக்குவதும் ஆபீஸுக்குள் நடக்கும். பெட்டி ஒட்டுகிற வேலை வீடு தேடி வரும். மெல்லிசாகச் சீவிய மரச்சில்லும் நீலத்தாளும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். மடித்து ஒட்டி, அடிப்பெட்டி மேல்பெட்டியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி குரோஸ் கணக்கு. 144 பெட்டி ஒரு குரோஸ்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள். இல்லாவிட்டால் பசை ருசிக்குக் கரப்பானும் எலியும் பெட்டியையே தின்றுவிடும். புத்தகம் பைண்டு செய்கிறவர்களுக்கும் இதே பசைதான். என் அக்காவின் சமூகவியல் புத்தகம் நடுவில் பிரிந்து வந்தபோது அத்தை அதை உட்கார்ந்து தைத்து ஒட்டிக் கொடுத்தாள். அது டீச்சர் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு நாலு தெருவில் யார் வீட்டுப் புத்தகம் கிழிந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தை காசு வாங்கமாட்டாள். ‘படிச்சிட்டுத்தான் தருவேன்’ என்பது ஒரே நிபந்தனை. எத்தனை நாளில் படிப்பாள் என்று யாரும் கேட்டுவைத்துக்கொண்டதில்லை. அதில்தான் அவள் சாமர்த்தியம் இருந்தது.

அவள் பைண்டு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தாள்களை அடுக்கி, நாலு ஓரத்தையும் தரையில் தட்டிச் சமன் செய்வாள். அம்மிக்குழவியை மேலே பாரமாக வைத்துவிட்டு, ஓரத்தில் கோணி ஊசியால் துளை போடுவாள். மெழுகுவத்தியில் இழுத்த நூலைத் துளைக்குள் விட்டுப் போய்த் திரும்பி வந்து முடிச்சிடுவாள். முதுகுக்குக் காடாத்துணி. அட்டைக்குப் பழைய தினசரி காலண்டரின் அட்டை. தை பிறந்தால் எல்லார் வீட்டிலும் போன வருஷத்துக் காலண்டர் அட்டை சும்மா கிடக்கும். அதனால் பைண்டிங் வேலை அந்த மாதத்தில்தான் சூடுபிடிக்கும். சிவகாசியில் அச்சான முருகனும் லட்சுமியும் ஒரு வருஷம் சுவரில் தொங்கினார்களோ இல்லையோ, மீதி ஆயுளைப் புத்தக அட்டையாகக் கழித்தார்கள். மூன்று கொலை விழுகிற ஒரு துப்பறியும் நாவலுக்குக் குழந்தை ஏசு மேலட்டையாக அமைந்துவிட்டார். அதை இரவல் வாங்கிப் போன யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பசைக் கையோடு பக்கம் திருப்ப முடியாது. அதனால் வாசிப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் கை கழுவினதும், விளக்கு எரிகிற நடுவீட்டில் அத்தைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். அவள் கை தன்பாட்டுக்கு மடித்து ஒட்டி வீசிக்கொண்டே இருக்கும். ஒட்டின பெட்டி முதுகுக்குப் பின்னால் குவியும். நான் வாசிப்பேன். வர்ணனையைத் தாண்டிப் போனால் கண்டுபிடித்துவிடுவாள். ‘ஏல, அவன் இப்பத்தான குதிரையில ஏறினான், அதுக்குள்ள எப்படி ஊர் வந்துச்சு? நடுவுல என்னத்தையோ முழுங்கிட்டே’ என்பாள். மூச்சு எங்கே விட வேண்டும், பேச்சு வரும்போது குரலை எப்படி மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவள் வையவைய எனக்குப் படிந்தது. இன்றைக்கும் ஒரு நல்ல பத்தியைக் கண்டால் உதடு அசைகிறது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள்.

டைரி விஷயத்துக்கு வருகிறேன். அது 1979ஆம் வருஷத்து எல்.ஐ.சி. டைரி. சித்தப்பாவுக்குத் தெரிந்த ஏஜெண்டு ஒருவர் கொடுத்தது. அச்சடித்திருந்த தேதிகளை அத்தை சட்டை செய்யவில்லை. ஸ்கேலும் பென்சிலும் வைத்துத் தானே கட்டம் போட்டுக்கொண்டாள். புத்தகத்தின் பெயர், யாருடையது, வந்தது எப்போது, போனது எப்போது. கடைசியில் ஒல்லியாக இன்னொரு கட்டம். அதன் தலைப்பு ‘கூலி’.

அந்தக் கட்டம் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. கேட்டால் சிரித்துவிடுவாள். பிறகு நானாகக் கவனித்துத் தெரிந்துகொண்டேன். வாசிக்கும்போது சில இடங்களில் அத்தையின் கை நின்றுவிடும். பாதி மடித்த சில் மடியில் இருக்கும், விரலில் பசை காயும், கண் என் வாயில் இருக்கும். அந்த இடம் தாண்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஓட ஆரம்பிக்கும். ராத்திரி பெட்டியை எண்ணிக் கட்டும்போது வழக்கத்தைவிட எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் குறைவைத்தான் அவள் புத்தகத்தின் பேரில் எழுதினாள். ‘கால் குரோஸ்.’ ‘அரை.’ சிலதுக்கு வெறும் கோடு. கோடு விழுந்த புத்தகம் என்றால் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு பெட்டிகூடக் குறையாமல் ஒட்டி முடித்துவிட்டாள் என்று அர்த்தம். எழுத்தாளருக்கு அதைவிடக் கடுமையான விமரிசனத்தை நான் பிற்பாடு எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறது. பின்னாளில் அதைப் படித்தபோது அத்தையின் ‘கூலி’ கட்டம்தான் கண்ணில் வந்தது. தன் நேரத்துக்கு இன்ன விலை என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த இன்னொரு வாசகரை எனக்குத் தெரியாது. டிசம்பர் கடைசியில் இப்போது நண்பர்கள் இந்த வருஷம் இத்தனை முடித்தேன் என்று எண்ணிக்கை சொல்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கு இலக்கு வேறு வைத்துக்கொள்கிறார்கள். சொல்லட்டும், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அத்தையின் டைரியில் மொத்தம் எத்தனை என்று கூட்டிப் போட்ட ஒரு வரிகூடக் கிடையாது.

நான் ஏழாவது படித்த 1985ஆம் வருஷத்துக் கணக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தத் தடவைதான் கட்டிலில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து அவள் சொல்லச் சொல்ல என்னை எழுதவைத்தாள்.

முதலில் எடுத்தது கு. அழகிரிசாமியின் கதைத் தொகுப்பு. அவர் எங்கள் பக்கத்து ஊரான இடைசெவல்காரர். 1970இல் அவர் காலமான அதே வருஷம் சாகித்திய அகாதெமி விருது ‘அன்பளிப்பு’க்குக் கிடைத்தது. அந்தப் பெயருள்ள கதையில் ஒருவர் வருஷப் பிறப்புக்கு வேண்டிய பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். கிடைக்காத பையன் ஒருவன் இருக்கிறான். கதை எங்கே போய் முடிகிறது என்பதைப் படிக்காதவர்கள் படித்துக்கொள்ளட்டும். நான் வாசித்து நிறுத்தியபோது அத்தையின் கை எப்போதோ நின்றிருந்தது. அழுகையை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். கோபத்தில் இருந்தாள். ‘இன்னொரு டைரி சேத்து வாங்கினா என்ன கொறஞ்சிருமாம் அந்த மனுசனுக்கு? படிச்ச மனுசன்தான?’ அன்றைக்கு விழுந்தது முழுசாக ஒரு குரோஸ்.

அதோடு விடவில்லை. அந்த வருஷம் சித்தப்பாவைப் பிடித்து ஏஜெண்டிடம் மூன்று டைரி வாங்கி வரச் சொன்னாள். அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்று. ‘எல்.ஐ.சி. என்ன நம்ம தாத்தா வச்ச கம்பெனியா?’ என்று சித்தப்பா சத்தம் போட்டார். ஆனால் வாங்கி வந்துவிட்டார். எதிர்வீட்டுப் பையன் அதில் பால் கணக்கு எழுதினான்.

இடைசெவலின் இன்னொரு ஆள் கி. ராஜநாராயணன். அவருடைய ‘பிஞ்சுகள்’ லைப்ரரியிலிருந்து வந்தது. பறவை முட்டைகளைத் தேடிச் சேர்க்கிற பையன் வேங்கடேசுவின் கதை. வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அத்தை குறுக்கே கையை நீட்டினாள். ‘நீயா சேத்துச் சொல்லுதியா, இல்ல அதுல அப்படித்தான் போட்டிருக்கா?’ புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். நாங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு அச்சில் இருந்தது. பாடப்புத்தகத்துக்கு ஒரு தமிழ், கதைப்புத்தகத்துக்குத் தஞ்சாவூர்த் தமிழ், நமக்கு வாயில் மட்டும் ஒரு தமிழ் என்று இருந்த எங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆச்சிகூட அடுப்படியிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தாள். ஆச்சரியம் என்னவென்றால் அதற்கு அத்தை போட்டது கால் குரோஸ்தான். ‘நம்ம வீட்டுப் பேச்சுதான, கேட்டுக்கிட்டே வேலை ஓடிருது’ என்றாள். அதைப் பாராட்டாக எடுப்பதா குறையாக எடுப்பதா என்று எனக்கு இன்னமும் முடிவாகவில்லை.

சித்தப்பா மில்லில் வேலை பார்த்தார். சங்கத்தில் ஈடுபாடு. அவர் கொண்டுவந்து கொடுத்தது கார்க்கியின் ‘தாய்’, தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பு. மே தின ஊர்வலத்தில் மகன் பாவெல் கொடியைத் தூக்கிக்கொண்டு போகிற இடம் வருகிறவரைக்கும் சித்தப்பா ஷிப்டு மாற்றிக்கொண்டாவது வீட்டில் இருந்தார், அத்தையின் கை அங்கே நிற்பதைப் பார்க்க. நிற்கவில்லை. அது ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது, ரொம்ப முன்னாலேயே. நரை கண்ட அந்தத் தாய் வெட்கப்பட்டுக்கொண்டே எழுத்துக் கற்றுக்கொள்ள உட்காருகிற இடம். சித்தப்பாவுக்கு மனத்தாங்கல். ‘அரசியல் நாவலை நீ குடும்ப நாவலாக் கேக்கே’ என்றார். அத்தை பதில் சொல்லாமல் ‘ஒண்ணே கால்னு போடுல’ என்றாள் என்னைப் பார்த்து. அந்த வருஷம் முழுசாக முடித்த புத்தகங்களில் அதுதான் அதிகம்.

ருஷ்யப் புத்தகங்கள் அப்போது மலிவு. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் வந்து நிற்கிறது என்றால் சித்தப்பா என்னைச் சைக்கிளில் வைத்து மிதிப்பார். வேனுக்குள் ஏறினால் வழுவழுத் தாளும் மையும் கலந்த ஒரு வாசனை. அங்கே வாங்கியதுதான் அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. தகப்பனார் சின்னப் பையனாக இருந்தபோது பண்ணின கூத்தெல்லாம் கதை கதையாக வரும். ஒரு கதை முடிந்ததும் அத்தை, ‘இதென்ன பெரிசு, உங்கப்பன் பண்ணினதைக் கேளு’ என்று ஆரம்பித்துவிடுவாள். கதிரேசன் மலையில் ஏறிக் காணாமல் போனது, செண்பகவல்லி அம்மன் கோயில் தெப்பத்தில் சட்டையை விட்டுவிட்டு வந்தது, ஆச்சியின் முறத்தை வெட்டிக் காற்றாடி செய்தது. அடுத்த அறையில் அப்பா பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இருமுவார். அந்தப் புத்தகத்துக்கான கூலியில் பாதி ரஸ்கினுக்கும் பாதி அப்பாவுக்கும் சேர வேண்டியது.

காமிக்ஸைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று பெரிய தகராறு. முத்து காமிக்ஸ் 1972இலேயே சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்துவிட்டது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொள்ள, எனக்குச் சாப்பாடு இறங்காத காலம் அது. இரும்புக்கை மாயாவி எப்படி மறைகிறான் என்பதை வாசித்துக் காட்ட முடியாது, படத்தைப் பார்க்க வேண்டும். அத்தையோ கேட்டு அனுபவிக்க முடியாததைப் படிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். கடைசியில் டைரியின் பின்பக்கத்தில் தபால் கட்டண அட்டவணைக்குக் கீழே அவற்றுக்கு இடம் ஒதுக்கினாள்.

இத்தனையும் வரவு. பாக்கி ஒன்றே ஒன்று இருந்தது. அதைப்பற்றித்தான் அந்த வருஷம் முழுக்கப் பேச்சு.

எட்டயபுரம் ரோட்டில் ஒரு டீச்சர் வீட்டிலிருந்து பழைய சேலையில் மூட்டையாகக் கட்டின தாள்கள் வந்தன. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது டீச்சரின் மாமியார் வாராவாரம் கிழித்துச் சேர்த்தவை. ஓவியர் மணியத்தின் படங்கள் அப்படியே இருந்தன. அத்தியாயம் முடிகிற பக்கங்களின் மறுபுறம் வேறு உலகம். பாதி நகைச்சுவைத் துணுக்கு, யாரோ எழுதிய பயணக் கட்டுரையின் வால், சோப்பு விளம்பரத்தில் சிரிக்கும் அம்மாள், விடை இல்லாத ஒரு புதிர். வந்தியத்தேவன் ஆபத்தில் மாட்டிக்கொள்கிற வாரமெல்லாம் பின்பக்கத்தில் ஒரு சமையல் குறிப்பு இருக்கும். அத்தை ஐந்து பாகமாகப் பிரித்து அடுக்கினாள். அடுக்கிப் பார்த்தால் நாலு பாகம்தான் இருந்தது. நாலாவதான ‘மணிமகுடம்’ இல்லை. டீச்சரின் மூத்த மகள் கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போகும்போது படிக்க எடுத்துப் போயிருக்கிறாள். ‘வரும்போது கொண்டாருவா’ என்றார் டீச்சர். அவள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். புத்தகம் வரவில்லை.

முதல் மூன்று பாகத்தைச் சித்திரையிலிருந்து வாசித்தோம். குரோஸ் குரோஸாகப் போயிற்று; ஆபீஸிலிருந்து கட்டு வாங்க வருகிற கணக்குப்பிள்ளை, ‘உடம்புக்குச் சொகமில்லையா தாயி?’ என்று விசாரிக்கிற அளவுக்குப் போயிற்று. மூன்றாம் பாகம் முடிந்தபோது ஐந்தாவதை எடுக்கலாம் என்றேன். அத்தை அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். கதை தெரிந்த சித்தப்பா, ‘நாலாவதுல என்ன நடக்குன்னு நான் சொல்லிருதேன், நீங்க மேல போங்க’ என்று தயவு காட்டினார். ‘வாயைத் தொறந்தே, ராத்திரிச் சோறு கிடையாது’ என்றாள் அத்தை. கடைசி பாகம் வீட்டுக்குள்ளேயே இருந்தும் மாதக்கணக்கில் தொடாமல் இருந்தோம். அக்கா மட்டும் பரணில் ஏறிப் பார்த்தாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ‘நாகப்பட்டினத்துல புயல் வருமாமே’ என்று ஒருநாள் வாயை விட்டுவிட்டாள்.

கணக்கு முடிந்து வரும் வருஷத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தோம். புது டைரி கிடைத்த தெம்பில் நான் முதல் வரியிலேயே ‘லைப்ரரியில் உள்ள எல்லாப் புத்தகங்களும்’ என்று எழுதினேன். அக்கா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. ‘எந்த அலமாரியிலேர்ந்து ஆரம்பிப்பே?’ என்று கேட்டாள். வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் விவசாயப் புத்தகங்கள் இருந்தன. நிலக்கடலையில் நோய்த் தடுப்பு என்பதை யோசித்துப் பார்த்துவிட்டு வரியை அடித்தேன்.

அவள் திட்டம் சின்னது. முதலில் ‘மணிமகுடம்’. அடுத்து கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’. லக்ஷ்மியின் நாவல் எது கிடைத்தாலும். ஆச்சிக்காக ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’. இவ்வளவும் என்னை எழுதச் சொன்னவள், கடைசி வரிக்கு டைரியை வாங்கித் தானே எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ‘ஒரு நாள் முழுசும் நானே படிக்க.’ என்ன புத்தகம் என்று இல்லை.

‘அதுக்கென்ன அத்தை, ஞாயித்துக்கிழமை படியேன்’ என்றேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. பெட்டிக்கு அது கிடையாது.

லைப்ரரிக்கு அத்தை போனதில்லை. பெண்கள் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் போகிற நேரத்தில் கட்டு வந்து நிற்கும். உறுப்பினர் அட்டை என் பெயரில் இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு போக மற்ற நாளெல்லாம் சாயங்காலம் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே கல்கியின் நாவல்கள் இருக்கும் தட்டுக்குப் போவேன். ஒன்றாம் பாகம் இருக்கும், ஐந்தாம் பாகம் இருக்கும். ‘மணிமகுடம்’ இருக்காது. ‘நேத்துத்தான் எடுத்துட்டுப் போனாங்க தம்பி’ என்பார் லைப்ரரி சார். அடுத்த தடவையும் நேற்றுத்தான். எங்கள் ஊரில் நாலாம் பாகம் மட்டும் தொலைத்த வீடுகள் நிறைய இருந்திருக்க வேண்டும்.

‘கோபல்ல கிராமம்’ பங்குனியில் கிடைத்தது. லக்ஷ்மி நாவல்கள் எதிர்வீட்டிலிருந்து வந்தன. எல்லாவற்றுக்கும் கோடுதான், ஆனாலும் அடுத்தது எங்கே என்று கேட்டாள். ராஜாஜியின் ராமாயணத்தை ஆச்சி தினமும் கொஞ்சம் கேட்டுவிட்டு, கைகேயி வரம் கேட்ட அன்றைக்குக் கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். புரட்டாசி பிறந்து பாதிக்குமேல் போனபின் ஒருநாள் லைப்ரரி சார் என்னைக் கண்டதும் மேஜை டிராயரைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். தேதிச் சீட்டில் ஊதா முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து படிக்க முடியாமல் இருந்தது. ‘வெளியில வச்சா போயிரும்னு எடுத்து வச்சேன். பதினாலு நாள்ல கொண்டாந்துரணும்’ என்றார். ஓட்டமாக வந்தேன்.

அத்தை கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன். ‘இப்ப வேண்டாம்’ என்றாள். என்னவென்று கேட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கெஞ்சினேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. வருஷத்தில் தீப்பெட்டி ஆபீஸ் மூடுகிற நாட்களில் அது ஒன்று. முந்தின நாளே பசைச்சட்டியை விளக்கிக் கவிழ்த்து, கத்தி, கத்தரிக்கோல், கோணி ஊசி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூஜையறையில் பலகை போட்டு அதன்மேல் எங்கள் புத்தகம் அத்தனையும் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி. என் கணக்குப் புத்தகத்தை அடியில் கொண்டுபோய்ச் செருகினேன். அவல், பொரி, கடலை, சுண்டல். அன்றைக்கு எழுத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்பதில் ஆச்சி கண்டிப்பு. தினசரி காலண்டரைக்கூடச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் அசந்த நேரம். அத்தை வாசல் திண்ணையில் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கை சுத்தமாக இருந்தது. நகக்கண்ணில் மட்டும் துத்தத்தின் நீலம். மடியில் ‘மணிமகுடம்’. பாதிக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தாள். விடியற்காலையிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். ஆச்சி வெற்றிலைப் பெட்டியோடு வந்தவள் பார்த்துவிட்டாள்.

‘ஏட்டி, என்ன காரியம் பண்ணுதே! இன்னைக்குப் புஸ்தகத்தைத் தொடலாமா?’

‘நம்ம புஸ்தகம் எல்லாம் பூசையிலதான இருக்கு?’ அத்தை தலையை நிமிர்த்தவில்லை. ‘இது கவர்மெண்டுப் புஸ்தகம். அடுத்தவங்க பொருளை நம்ம வீட்டுப் பூசையில வைக்கலாமா? சாமி குத்தம் வராது?’

அட்டையைத் திருப்பி உள்ளே இருந்த வட்ட முத்திரையைக் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஆச்சி அதைக் கூர்ந்து பார்த்தாள். பத்திரத்தில் இருக்கிற மாதிரியே இருந்ததால் மறுத்துப் பேசவில்லை. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தாள்.

‘அப்ப சத்தமாப் படி. நானும் கேக்கேன்.’

‘இன்னைக்கு மனசுக்குள்ளதான்.’

‘எனக்கு, அத்தை?’ என்றேன். விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

‘நாளைக்கு விசயதசமி. நல்ல நாள். மொதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பி. பெட்டி ஒட்டிக்கிட்டே நான் ரெண்டாம் தடவை கேட்டுக்கிடுதேன்.’